வீட்டில் ஸ்னீக்கர் தைக்கும் கிட்: தோல் தேறுகிறது, பசை தேறவில்லை

வீட்டிலேயே கையால் ஸ்னீக்கர் தைத்துக்கொள்ள ஆன்லைனில் விற்கிற கிட் பற்றிய மதிப்புரை இது. விற்பவர் பெயர் வேண்டாம். ஏறக்குறைய இதே சாமான்களை வேறு வேறு அட்டைப்பெட்டியில் போட்டு நாலைந்து பேர் விற்கிறார்கள், குறையும் நிறையும் பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுதான். சேலத்து வெயிலிலும் ஏற்காட்டுப் பனியிலும் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் பார்ப்போம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கலாம். ஆனால் கூட வரும் பசையைத் தூரப் போட்டுவிட்டு, கால் அச்சுக் கட்டையைத் திருத்திக்கொண்டு, நூலுக்குத் தனியாகக் காசு எடுத்து வைக்கத் தயாராக இருப்பவர்கள்தான் வாங்கவேண்டும்.

பெட்டிக்குள் இருப்பது இவ்வளவு: லேசரில் வெட்டித் தையல் துளையும் போட்ட 1.4 மி.மீ. மாட்டுத்தோல் துண்டுகள், ஆட்டுத்தோல் லைனிங், கழுத்துக்கு வைக்க ஃபோம், ஒரு ஜோடி ரப்பர் கப் சோல், அடித்துணி, குதிகாலுக்கு விறைப்புத் தகடு, 20 மீட்டர் மெழுகு நூல், மொண்ணை ஊசி இரண்டு, நேரான குத்தூசி ஒன்று, ஒரு ட்யூப் பசை, லேஸ். விலை ரூ.4,800. லாஸ்ட் என்கிற கால் அச்சுக் கட்டை பிளாஸ்டிக்கில் வேண்டுமென்றால் ரூ.1,900 தனி. 'விருப்பப்பட்டால் வாங்கலாம்' என்று போட்டிருக்கிறார்கள். அது விருப்பம் இல்லை, கட்டாயம். கட்டை இல்லாமல் செய்தித்தாளைத் திணித்துத் தைத்தால் வருவது ஷூ அல்ல, தோல் பை.

கான்வாஸ் ஷூ மாதிரி மெல்லிய சோல் ஏன் தரவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ரகத்தில் வேகாத ரப்பர் பட்டியைச் சுற்றி ஒட்டி, ஷூவையே முழுசாக 100 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் வேகவைப்பார்கள். வல்கனைசிங் என்பது அதுதான். வீட்டுக் குக்கரில் நடக்காது. அதனால் ஏற்கெனவே வார்த்து வெந்த, கிண்ணம் போன்ற கப் சோலுக்குள் அப்பரை, அதாவது ஷூவின் மேல்பகுதியை, உட்காரவைத்து ஒட்டி, சுற்றுச்சுவரில் தைக்கும் முறையைத்தான் எல்லா கிட்டும் எடுத்துக்கொள்கின்றன. சரியான தேர்வு. பசை கைவிட்டாலும் தையல் பிடிக்கும்.

கட்டைக்கு வருவோம், பாதி வெற்றி அங்கேதான் இருக்கிறது. நம்பர் பிரிட்டிஷ் கணக்கு. சைஸோடு 25-ஐக் கூட்டி மூன்றால் வகுத்தால் கட்டையின் நீளம் அங்குலத்தில் வரும். 8-ம் நம்பர் என்றால் 11 அங்குலம், அதாவது 279 மி.மீ. விரலுக்கு முன்னால் 10 முதல் 15 மி.மீ. இடம் வேண்டும், ஆகவே 265 மி.மீ. வரை உள்ள கால் இதில் அடங்கும். நீளம் இப்படி ஒழுங்காகத்தான் இருக்கிறது. இடிப்பது அகலம். கிட்டில் ஒரே ஒரு பருமன்தான், அதுவும் ஒடுக்கம். செருப்பே போட்டு வளர்ந்த நம் ஊர்க் கால் விரல் விரிந்து கிடக்கும். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இந்தியக் கால்களை அளந்து 'பா' என்று தனி அளவுமுறையையே பரிந்துரைத்திருக்கிறது. நம் கால் ஐரோப்பிய, அமெரிக்க அளவைவிட அகலம் என்பதுதான் அதற்கு அடிப்படை.

ஆக, சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், எழுந்து நின்று, பெருவிரல் மூட்டையும் சுண்டுவிரல் மூட்டையும் சுற்றி டெய்லர் டேப்பில் அளக்கவேண்டும். கட்டையையும் அதே இடத்தில் அளந்து பாருங்கள். கால் 5 மி.மீ.க்கு மேல் கூடுதலாக இருந்தால் கட்டைமேல் தோல் துண்டு ஒட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, மேடு பள்ளம் தெரியாமல் இழைக்கவேண்டும். ஒட்டும் இடம்தான் முக்கியம். கட்டையின் அடி விளிம்பில் கை வைக்கவே கூடாது. சோலின் சுவர் எந்த உயரம் வரை வருகிறதோ அதற்கு மேலேதான் ஒட்டவேண்டும். விளிம்பைப் பெருக்கினால் தைத்து முடித்த அப்பர் சோல் கிண்ணத்துக்குள் இறங்காது. 14 மணி நேரத் தையலுக்குப் பிறகு இது தெரியவந்தால் அழுகைதான் வரும். சோலை வெறுங்காலுக்கடியில் வைத்துப் பார்க்கும்போதே பாதம் வெளியே பிதுங்குகிறது என்றால் ஒட்டு வேலைக்கே போகாமல் அடுத்த நம்பர் வாங்கிவிடுங்கள்.

தோல் நன்றாக இருக்கிறது, ஒளிவு மறைவில்லாமல் பாராட்டலாம். ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். முன்பக்கத் துண்டை விரலிலிருந்து குதிகால் திசையில் இழுத்தால் கொடுக்கக் கூடாது, குறுக்கே இழுத்தால் கொஞ்சம் கொடுக்கவேண்டும். தலைகீழாக இருந்தால் மூன்று மாதத்தில் ஷூ நீண்டு, மடிப்பு விழுந்து, தொளதொளக்கும். பெரும்பாலான துண்டுகள் சரியாகவே வெட்டியிருக்கிறார்கள். நாக்குப் பகுதியை மட்டும் வயிற்றுத் தோலில் எடுத்திருப்பது தடவினாலே தெரிகிறது. அங்கே பாரம் இல்லை, மன்னித்துவிடலாம்.

மன்னிக்க முடியாதது, ஓரம் சீவாமல் அனுப்புவது. 1.4 மி.மீ. தோல் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் 2.8. லைனிங்கும் சேர்ந்தால் சுண்டுவிரலுக்கு மேலே ஒரு வரப்பே எழும்பி நிற்கும். கீழே போகும் துண்டின் ஓரத்தை 8 மி.மீ. அகலத்துக்குச் சரிவாகச் சீவி, நுனியில் 0.6 மி.மீ. ஆக்கவேண்டும். கிட்டில் கத்தி கிடையாது. நல்ல தோல் கத்தியோ, புது பிளேடு மாட்டிய கட்டரோ எடுத்துக்கொள்ளுங்கள். பலகைமேல் சீவினால் கத்தி மரத்துக்குள் இறங்கும். ஒரு துண்டு கடப்பைக்கல் போதும், சமையல் மேடை போட்டபோது மிஞ்சியது பல வீட்டில் கிடக்கும். கத்தியைப் படுக்கவைத்து, உடம்பிலிருந்து விலக்கித் தள்ளுங்கள். சீவல் தேங்காய்த் துருவல் மாதிரி உதிர்ந்தால் கத்தி மொண்ணை. ரிப்பன் மாதிரி சுருண்டு வந்தால் சரி.

தையல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துளை போட்டே வருவதால் பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். இரண்டு ஊசியையும் ஒரே துளையில் எதிரெதிராக விடும் முறைதான். இரண்டாவது ஊசி முதல் நூலைக் குத்திவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் நூல் கணக்கு இடிக்கிறது. இந்தத் தையலுக்கு நீளத்தைப் போல் நாலு மடங்கு நூல் வேண்டும். ஒரு காலின் அப்பரில் எல்லாத் தையலையும் சேர்த்தால் 2 மீட்டர் வருகிறது, அப்படியானால் நூல் 8 மீட்டர், இரண்டு காலுக்கு 16. சோல் சுற்றளவு ஏறக்குறைய 70 செ.மீ. அங்கே கனம் கூடுதல் என்பதால் காலுக்கு 4 மீட்டர் போகும். மொத்தம் 24. கொடுத்திருப்பது 20. இரண்டாவது ஷூவின் சோலுக்கு நூலே மிஞ்சாது, அதே நிறம் தேடி அலையவேண்டியிருக்கும். ஆரம்பத்திலேயே 1 மி.மீ. மெழுகு பாலியஸ்டர் நூல் ஒரு உருண்டை வாங்கி சோலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அப்பரை மிதி மெஷினில் அடிக்கலாமா என்றால், அடிக்கலாம். பழைய கறுப்பு மெஷின் இரண்டு மடிப்புத் தோலைத் தாங்கும். தோலுக்கான கூர் முனை ஊசி 16 அல்லது 18 நம்பர் போட்டு, மோட்டாரை விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் உருட்டுங்கள். கால் தகடு தோலில் ஒட்டி இழுத்தால் கொஞ்சம் பவுடர் தடவினால் வழுக்கும்.

குதிகால் தகடு பிளாஸ்டிக். ஹேர் டிரையரில் இளக்கி, தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே வைத்துக் கட்டைமேல் அழுத்தினால் படிந்துவிடும். இதற்குப் பதில் கெட்டித் தோலை வெட்டி மாவுப்பசையில் ஊறவைத்து வைக்கும் பழைய முறையும் உண்டு, காய்ந்தால் பலகை மாதிரி நிற்கும். ஜவ்வரிசி ஊரான சேலத்தில் மரவள்ளி மாவுக்கா பஞ்சம்? ஆனால் மலைமேல் இருப்பவர்கள் இதைச் செய்யவேண்டாம், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

அடித்துணியை அப்பரின் கீழ் ஓரத்தோடு 4 மி.மீ. இடைவெளியில் சுற்றித் தைத்து, கட்டையை உள்ளே ஏற்றவேண்டும். முன் நடுவும் பின் நடுவும் துணியின் அடையாளத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் நாலு இடத்தில் மட்டும் கட்டிப் பாருங்கள். கட்டை சிரமப்பட்டு ஏறவேண்டும். சுலபமாக வழுக்கிப் போனால் அப்பர் தொளதொளப்பு என்று அர்த்தம்.

இனி பசை. ட்யூபில் வருவது சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொலூஷனின் தம்பி. சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நடந்தால் இளகிவிடும். லைனிங்கை ஒட்ட வைத்துக்கொள்ளலாம், சோலுக்கு ஆகாது. சோலுக்கு வேண்டியது செருப்புத் தொழிலில் பயன்படுத்தும் பியூ (பாலியூரிதேன்) பசையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும். 100 கிராம் பசைக்கு 3 முதல் 5 கிராம் ஹார்டனர் போதும், கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடவேண்டும். மைக்கா ஒட்டும் பெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற செயற்கை ரப்பர் பசை தோலையும் தோலையும் ஒட்ட நன்றாகவே இருக்கும். சுற்றித் தையலும் போடுவதாக இருந்தால் ரப்பர் சோலுக்கும் அதை நம்பலாம்.

ஒட்டும் முன் அப்பரைச் சோலுக்குள் வைத்து, சுவரின் மேல் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டுக்கு 1 மி.மீ. கீழே வரை தோலின் பளபளப்பு முழுக்கப் போகும்படி 80 நம்பர் உப்புத்தாளால் சுரண்டவேண்டும். பளபளப்பின்மேல் ஒட்டினால் பசை தோலைப் பிடிக்காது, பூச்சைத்தான் பிடிக்கும். சோலின் உட்புறத்தையும் விடாதீர்கள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய மெழுகு அங்கே ஒட்டியிருக்கும். சுரண்டி, பசைக்கான தின்னரில் துணியை நனைத்துத் துடையுங்கள். முதல் பூச்சு மெல்லியதாக, அரை மணி காயட்டும். இரண்டாவது பூச்சுக்குப் பின் 10, 15 நிமிடம். விரல் முட்டியால் தொட்டால் பிடித்து விடவேண்டும், நூல் இழுக்கக் கூடாது. பியூ பசை என்றால் டிரையரால் இரண்டு பக்கத்தையும் சூடாக்கி, விரல் முனையில் தொடங்கி, பிறகு குதிகால், கடைசியில் பக்கவாட்டு என்று அழுத்துங்கள். இங்கே நேரத்தைவிட அழுத்தம் முக்கியம். இரண்டு நாளைக்குப் போட்டு நடக்கவேண்டாம்.

கையேட்டில் இதெல்லாம் ஓரளவு இருக்கிறது. ஊர் ஊருக்கு மாறும் விஷயம்தான் இல்லை. ஏப்ரல், மே மாதம் சேலத்தில் மத்தியானம் மொட்டை மாடி ரூமில் ஒட்டினால் பசையின் மேல்பக்கம் உடனே ஏடு கட்டிவிடும், உள்ளே தின்னர் மாட்டிக்கொள்ளும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஒட்டிய பிறகு கொப்புளம் கொப்புளமாக விட்டுப்போகும். விடியற்காலை ஃபேனை நிறுத்திவிட்டு ஒட்டுங்கள். ஏற்காட்டில் இதற்கு நேரெதிர். தின்னர் ஆவியாகும்போது பசைப் படலம் குளிரும். பனி இறங்கிய நாளில் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, பசை மோர் ஊற்றியது போல வெளுத்துவிடும். அப்படியே அழுத்தினால் இரண்டு தோலுக்கு நடுவே தண்ணீர்ப் படலத்தைப் பூட்டிவைத்த கதைதான். தோலையும் சோலையும் முன்கூட்டியே குண்டு பல்பு வெளிச்சத்தில் வெதுவெதுப்பாக்கிக்கொண்டு பூசுங்கள். வெளுத்துவிட்டால் டிரையரால் உலர்த்தி, மேலே இன்னொரு மெல்லிய பூச்சு. எந்த ஊரானாலும் தின்னர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பும் பூஜை விளக்கும் எரியக் கூடாது.

சோல் தையலுக்கு வரும்போது நேர்க் குத்தூசி கைவிடுகிறது. விரல் முனையில் ஷூவுக்குள் கை போகாது, ஊசியைப் பிடிக்க முடியாது. தேவை கொக்கி ஊசி. வெளியிலிருந்து சோல் சுவரின் பள்ளத்தில் குத்தி, உள்ளே இருக்கும் நூலைக் கொக்கியில் மாட்டி வெளியே வளையமாக இழுத்து, வெளி நூலை அதற்குள் விட்டு இறுக்குவது. 5 மி.மீ. இடைவெளியில் காலுக்கு 140 தையல் வரும். கை பழகாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்துவிடலாம், வெட்கமே வேண்டாம். அவர் ஒரு மணி நேரத்தில் போடும் தையல் நம் மூன்று நாள் தையலைவிட நேராக இருக்கும். நூலை நீங்களே கொண்டுபோங்கள்.

இரண்டாவது ஜோடிக்குக் கிட் தேவையில்லை. கட்டை கையில் இருக்கிறது, அதே நம்பர் சோல் மட்டும் வாங்கினால் போதும். சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை வழியாக ரயிலில் போனால் வாணியம்பாடியும் ஆம்பூரும் ஒரு நாள் வேலை. தோல் சதுர அடிக் கணக்கு. ஜோடிக்கு இரண்டரை அடி, முதல் முறை வெட்டுபவர் மூன்றாக வாங்கவேண்டும். முன்பக்கத் துண்டை முதுகெலும்பை ஒட்டிய பகுதியிலிருந்து எடுங்கள். தோல் வேண்டாம் என்பவர்களுக்குப் பவானி ஜமக்காளம் அழகாக வரும். பிரிந்துவிடாமல் இருக்க டெய்லர்கள் காலருக்கு வைக்கும் பேஸ்டிங் துணியை முதலில் பின்னால் அயர்ன் செய்து ஒட்டிவிட்டு, அப்புறம் வெட்டவேண்டும். இதற்கெல்லாம் வடிவ அட்டை வேண்டுமே, அதை விற்பவர் தருவதில்லை. பெட்டியைத் திறந்த அன்றே, ஒரு தையல்கூடப் போடும் முன், எல்லாத் துண்டுகளையும் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வைத்துத் துளையோடு சேர்த்து வரைந்து எடுத்து வையுங்கள்.