டிடிகே சித்ரா இதய வால்வு: பொருத்திக்கொள்ளும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு கெட்டுப்போன இளவயதுக்காரரிடம் "மெக்கானிக்கல் வால்வு போடலாம்" என்று டாக்டர் சொன்னால், அடுத்து காதில் விழும் பெயர்களில் சித்ராவும் ஒன்று. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இதய அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவானது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். தயாரிப்பது சென்னையின் டிடிகே ஹெல்த்கேர். இறக்குமதி வால்வுகளைவிட விலை குறைவு.

உள்ளே இருப்பது ஒரே ஒரு சாயும் தட்டு. கூடு கோபால்ட்–குரோமியக் கலவை, தட்டோ மூட்டு மாற்றுச் சிகிச்சையிலும் பயன்படும் கெட்டியான பாலிஎத்திலீன், சுற்றிலும் தையல் போட பாலியஸ்டர் வளையம். தட்டைத் தாங்கும் கம்பிகள் கூட்டோடு ஒன்றாகவே கடைந்தெடுக்கப்பட்டவை, பற்றவைப்பு கிடையாது. இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: பற்றவைத்த கம்பி முறிந்து உயிர்கள் போனதால்தான் பியோர்க்–ஷைலி வால்வின் ஒரு வகை 1986இல் சந்தையைவிட்டே போனது. சித்ராவின் தட்டு ஓடும்போதே மெல்லச் சுழல்வதால் தேய்மானம் ஒரே இடத்தில் விழாது. பிளாஸ்டிக் தட்டு என்பதால் "டிக் டிக்" சத்தமும் கார்பன் வால்வுகளைவிட அடக்கம். இரவில் தூங்குபவருக்கு இது சின்ன விஷயமல்ல.

குறையும் உண்டு. பாலிஎத்திலீன் எக்ஸ்ரேயில் தெரியாது. வால்வில் ரத்தம் உறைந்து தட்டு மாட்டிக்கொண்டதா என்று மற்ற வால்வுகளை ஃப்ளோரோஸ்கோபியில் (ஓடும் எக்ஸ்ரே படம்) நேராகப் பார்த்துவிடலாம். இதில் எக்கோவை (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்), தேவைப்பட்டால் உணவுக்குழாய் வழியாகச் செய்யும் எக்கோவை நம்ப வேண்டும். ஆகவே அறுவைக்குப் பின் முதல் சில மாதங்களுக்குள் எடுக்கும் எக்கோ ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். பிற்பாடு வால்வின் அழுத்த வேறுபாடு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட அதுதான் அளவுகோல்.

அறுவைக்கு முன் பல் டாக்டரைப் பார்த்து, சொத்தைப் பல்லைச் சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்து, எடுக்க வேண்டியதை எடுத்துவிடுங்கள். வாயிலிருந்து கிளம்பும் கிருமி புது வால்வில் ஒட்டினால் வருவது எண்டோகார்டைட்டிஸ் எனும் இதயத் தொற்று. நெஞ்செலும்பை அறுத்துச் செய்வதால் எலும்பு கூட 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை குடம் தூக்குவது, பைக் ஓட்டுவது கூடாது.

வால்வு பல பத்தாண்டுகள் உழைக்கும். காலை வாருவது பெரும்பாலும் மாத்திரைதான். ரத்தம் உறையாமல் தடுக்க ஆயுள் முழுக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்தான் ஐஎன்ஆர். அதன் இலக்கு பொதுவாக அயோர்டிக் வால்வுக்கு (இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழியில் இருப்பது) 2.5, மைட்ரலுக்கு (இதயத்தின் இடப்பக்க இரு அறைகளுக்கு நடுவே இருப்பது) 3 என்ற அளவைச் சுற்றி இருக்கும். உங்களுக்கான எண்ணை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். மாத்திரையை மாலையில் ஒரே நேரத்தில் போடுவது வசதி: காலையில் ரத்தம் கொடுத்தால் அன்று மாலையே அளவை மாற்றிக்கொள்ளலாம். மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. இரண்டு மருந்துகளும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமமல்ல. கடைக்காரர் "அதேதான்" என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். டாபிகாட்ரான் போன்ற புதிய மாத்திரைகள் மெக்கானிக்கல் வால்வுக்கு ஆகாது.

கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைகளின் வேலையைக் குறைக்கும், அதற்காக முருங்கைக்கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று இருப்பதுதான் ஐஎன்ஆரைக் குலைக்கும். வயிற்றுப்போக்குக்குப் போடும் மெட்ரோனிடசோல், பூஞ்சைக்கான ஃப்ளுகோனசோல் ஐஎன்ஆரை ஏற்றிவிடும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். புதிதாக எது தொடங்கினாலும் சில நாளில் ஐஎன்ஆர் பாருங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் வேண்டாம். இடுப்பில் ஊசி என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், தசைக்குள் ரத்தம் கட்டும்.

குழந்தை பெற நினைக்கும் பெண்கள் வால்வைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பேச வேண்டும். கருவின் 6 முதல் 12 வாரத்தில் இந்த மாத்திரைகள் குழந்தையைப் பாதிக்கலாம், நிறுத்தினாலோ வால்வில் ரத்தம் உறையும். விலங்குத் திசுவால் செய்த திசு வால்வில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அது இளவயதில் சீக்கிரம் கெட்டு, மறுபடி அறுவைக்கு அழைக்கும்.

வழக்கமான டிக் சத்தம் மங்கினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திராமல் கிளம்புங்கள். போகும்போது வால்வின் அளவும் வரிசை எண்ணும் உள்ள அட்டை கையில் இருக்கட்டும்.