மோரிஸ் மைனருக்குப் புதிய பிரேக் பைப்: வைஸில் பிடித்து இயக்கும் ஃபிளேரிங் கருவி எப்படி?

மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரின் ஹைட்ராலிக் பிரேக், அதாவது திரவ அழுத்தத்தால் இயங்கும் பிரேக், ஒரே சுற்றாக அமைந்தது. எங்கேனும் ஓரிடத்தில் பைப் வெடித்தால் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஒருசேரப் போய்விடும். எனவே, துருவேறிய பழைய எஃகுக் குழாய்களை அகற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்த முனைபவர், பைப்பின் நுனியை விரித்து ஃபிளேர் செய்யும் கருவியில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பதே என் கருத்து.

இங்கே நான் மதிப்பிடுவது, வைஸில், அதாவது மேசையில் பொருத்திய பிடிகருவியில், பிடித்து வைத்து, சுழலும் தலையில் பைப் நுனியை அழுத்தி வடிவமைக்கும் பல அச்சுகள் பொருத்தப்பட்டு, நீண்ட கைப்பிடியால் இயங்கும் வகை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் துளைச் சட்டம் போன்ற கருவியில், இறுக்கும்போது பைப் வழுக்குவதும் கூம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து விரிவதும் வழக்கம். அப்படிச் சாய்ந்த ஃபிளேரை எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நிற்காது. வைஸ் வகையிலோ, இரண்டு பாதிகளாக வரும் ‘டை’ என்ற கவ்வும் கட்டை பைப்பைக் கணிசமான நீளத்திற்குக் கவ்விப் பிடிக்கிறது. அச்சும் நேர்கோட்டிலேயே வந்து அழுத்துகிறது. இரட்டை ஃபிளேருக்கு முதல் அழுத்தத்தில் நுனி குமிழாகப் புடைக்கும். இரண்டாவதில் அது உள்ளே மடிந்து 45 பாகைச் சரிவில் இரண்டு அடுக்காகும். ஒவ்வொரு முறையும் ஒரே வடிவம் கிடைப்பதுதான் இதற்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கான நியாயம்.

ஆயினும், பைப்பைக் குறுக்கே நேராக வெட்டி, உட்புறப் பிசிறை நீக்கி, நுனியில் ஒரு துளி பிரேக் ஆயில் தடவாவிட்டால் இக்கருவியும் கைவிட்டுவிடும். நட்டை முன்கூட்டியே பைப்பில் கோத்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

பைப்பாக நான் பரிந்துரைப்பது 3/16 அங்குல, அதாவது 4.75 மி.மீ. செம்பு-நிக்கல் குழாய். சுமார் 90 சதவீதம் செம்பும் 10 சதவீதம் நிக்கலும் கொண்ட இந்தக் கலவை எஃகைப் போலத் துருப்பிடிப்பதில்லை; கையாலேயே ஓரளவு வளையும்; ஃபிளேர் செய்கையில் விரிசல் விடுவதும் அரிது. தூய செம்பு இதைவிட மென்மையானதுதான் என்றாலும், தொடர்ந்த அதிர்வில் இறுகி நாளடைவில் வெடிக்கக்கூடும் என்பதால் அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

எந்த ஃபிளேர் வேண்டும் என்பதை இணைப்பின் உட்பகுதியே சொல்லிவிடும். அங்கே கூம்பு வெளியே துருத்தியிருந்தால் இரட்டை ஃபிளேர். குழிந்திருந்தால், முதல் அழுத்தத்தோடு நிறுத்திய குமிழ் ஃபிளேர். இரண்டுக்குமான அச்சுகள் ஒரே தலையில் இருப்பது பெரிய வசதி, ஏனெனில் பழைய கார்களில் முந்தைய உரிமையாளர்கள் எதை எதனுடன் இணைத்து வைத்திருப்பார்கள் என்று ஊகிக்கவே முடியாது.

குறைகளும் உண்டு. வைஸை விட்டு நகராத கருவி என்பதால், காரிலேயே இருக்கும் பைப்பின் நுனியை இதனால் ஃபிளேர் செய்ய இயலாது. அதற்குக் கையடக்கக் கருவி ஒன்று தனியே வேண்டும். டை கவ்வுவதற்கு நேரான பகுதி தேவைப்படுவதால், நுனிக்கு மிக அருகில் வரும் வளைவுகளை ஃபிளேர் செய்த பிறகே வளைக்க வேண்டும். மைனரின் முன்சக்கர டிரம்மில் பிரேக் கட்டைகளைத் தள்ளும் இரண்டு வீல் சிலிண்டர்களை இணைக்கும் குட்டைப் பைப்பில் இது உண்மையிலேயே தொல்லை தருகிறது. டையின் பற்கள் பைப்பின் மேல் தடம் பதிப்பதும் உண்டு; தடம் ஆழமாக இருந்தால் அந்தத் துண்டைக் கழித்துவிடுவதே நல்லது.

பொருத்தும்போது நட்டை முதலில் கையாலேயே சுழற்றி, மரை சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். பெடலை மிதிக்கும்போது பிரேக் திரவத்தை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே இருப்பதால், அங்கே வரும் இணைப்பைப் பிறகு எட்டுவது கடினம். எல்லாம் முடிந்து காற்றை வெளியேற்றியபின், ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்க இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் துடைத்துப் பார்ப்பது அவசியம். ஒரே ஒரு பைப்பை மட்டும் மாற்றப்போகிறவர் இந்தக் கருவியை வாங்கத் தேவையில்லை. நுனிகள் ஃபிளேர் செய்யப்பட்டு வரும் ஆயத்தப் பைப் அவருக்குப் போதும்.