மழைக்குச் சரி, வெள்ளத்துக்கு வேண்டாம்: என் சின்ன ஹேட்ச்பேக்

நாலு வருஷமாக ஓட்டும் பெட்ரோல் ஹேட்ச்பேக் இது, தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடைவெளி 170 மில்லிமீட்டர், சாதாரண மழைக்குக் குறையே சொல்ல மாட்டேன். சக்கரத்தில் கால்வாசி முங்கும் தண்ணீரை முதல் கியரில், ஆக்சிலரேட்டரைச் சீராக மிதித்தபடி நடை வேகத்தில் இரண்டு மூன்று முறை கடந்திருக்கிறேன். அப்புறம் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் போனால் பிடிப்பு திரும்பிவிடும். ஓடும் தண்ணீர் என்றால் பேச்சே இல்லை, 30 சென்டிமீட்டரே சின்ன காரைத் தூக்கிவிடும், நான் வண்டியைத் திருப்பிவிடுவேன்.

சொதப்பல் எங்கே என்றால் எஞ்சினுக்குக் காற்று உறிஞ்சும் குழாயில். அதன் வாய் முகப்பு விளக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, எதிரே வந்த லாரி கிளப்பிய அலை பானட் மேல் ஏறியதும் எஞ்சின் அப்படியே நின்றுவிட்டது. நல்லவேளை, மறுபடி ஸ்டார்ட் செய்யவில்லை! காற்று மாதிரி தண்ணீர் அமுங்காது, சிலிண்டருக்குள் அது இருக்கும்போது சாவியைத் திருகினால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பியான கனெக்டிங் ராடே வளையலாம். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிக் காப்பாற்றிவிட்டார். கார்ப்பெட் நாற்றம்தான் இன்னும் போகவில்லை.