ஏழு வருடமாக ஒரே கத்தரி ஜாக்கி: எங்கே கனக்கிறது?

என் ஹேட்ச்பேக்கோடு வந்த கத்தரி ஜாக்கிக்கு ஏழு வயது. ஹேண்டிலைச் சுற்றினால், குறுக்கே ஓடும் திருகு நான்கு கைகளையும் உள்பக்கம் இழுத்து வண்டியைத் தூக்கும் வகை இது. பஞ்சர், டயர் இடமாற்றம் என்று இருபது தடவைக்கு மேல் வண்டியைத் தூக்கியிருக்கிறது. ஒருநாள் சுலபமாகச் சுற்றும், இன்னொரு நாள் தோளைக் கழற்றும். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வண்டி சுமார் 900 கிலோ. முன் சக்கரங்கள் 60 சதவீதம் தாங்குகின்றன என்றால் ஒன்றுக்கு 270 கிலோ. ஆனால் ஜாக்கி நிற்பது சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால். பின் அச்சிலிருந்து முன் அச்சு 2.4 மீட்டர், ஜாக்கி 2 மீட்டர். அதனால் 270 × 2.4 ÷ 2, அதாவது ஏறக்குறைய 324 கிலோ.

திருகு இழுக்க வேண்டியது இதே அளவு அல்ல. ஜாக்கியின் கைகள் தரையோடு 15 பாகையில் படுத்திருந்தால் எடையைப் போல 3.7 மடங்கு, 45 பாகையில் சரிசமம், 60 பாகையில் பாதிக்குச் சற்று மேல். அப்படியானால் தொடக்கத்தில்தானே கனக்க வேண்டும்? கனப்பதில்லை. சக்கரத்தின் மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் விரிய விரியத்தான் எடை ஜாக்கிக்கு மாறும். சக்கரம் தரையை விடும்போதுதான் முழுதும் ஏறும். ஹேண்டில் அதிகமாக முரண்டு பிடிப்பதும் அங்கேதான். அதைத் தாண்டினால் லேசாகிவிடும்.

பஞ்சரான டயரில் வண்டியின் அடிப்பகுதி 6 செ.மீ. தாழ்கிறது. ஜாக்கி அதிகம் படுத்த நிலையிலேயே முழுச் சுமையையும் வாங்குகிறது. என் ஜாக்கியின் அளவுக்குத் திருகின் இழுவிசை சுமார் 245 கிலோவிலிருந்து 430-க்குப் போகிறது. அதனால், மெதுவாகக் காற்று இறங்கும் பஞ்சர் என்றால் முதலில் சின்ன கம்ப்ரசரால் காற்றடித்துவிட்டுத்தான் தூக்குகிறேன். வித்தியாசம் கையில் தெரிகிறது.

திருகுக்கு வருடம் ஒருமுறை கிரீஸ் போடுகிறேன். கொடுக்கும் உழைப்பில் பாதிக்கு மேல் உராய்வில்தான் போகிறது. ஆனால் கையை எடுத்தாலும் ஜாக்கி தானாக இறங்காமல் நிற்பது அந்த உராய்வால்தான், அதனால் எனக்கு அதில் குறையில்லை.

மழை நாளில் சாலையோர மண்ணில் ஒருமுறை ஜாக்கி புதைந்தது. அடித்தகடு 70 சதுர செ.மீ.தான், ஒவ்வொன்றிலும் நாலரை கிலோவுக்கு மேல் அழுத்தம். 30-க்கு 20 செ.மீ. பலகை வைத்தால் அரை கிலோ. அன்றிலிருந்து டிக்கியில் பலகை உண்டு. மெல்லியதாக இருக்கட்டும், தடித்த பலகை ஜாக்கியை இன்னும் படுக்க வைத்துவிடும்.

இன்னொன்று, முன்சக்கர இயக்க வண்டியில் முன் சக்கரத்தைத் தூக்கும்போது, கியரில் நிறுத்தினால் வண்டி நகராது என்று நம்பக்கூடாது. தூக்கிய சக்கரம் சும்மா சுழல டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) இடம் கொடுக்கும், தரையில் இருக்கும் மற்ற முன் சக்கரம் உருளலாம். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகுதான் ஜாக்கியைத் தொடுவேன்.

வீட்டு வேலைக்கு இப்போது சக்கரம் வைத்த டிராலி ஜாக்கியும் ஒன்று வாங்கிவிட்டேன். பத்து நிமிட வேலை இரண்டு நிமிடத்தில் முடிகிறது. ஆனால் அதன் கை வட்டமாக உயர்வதால் சக்கரங்கள் நகர சிமெண்ட் தரை வேண்டும். மண்தரையில், வண்டியைத் தாங்கும் தலைத்தட்டு நழுவும். எந்த ஜாக்கியானாலும் வண்டிக்கு அடியில் தாங்கும் ஸ்டாண்ட் கொடுக்காமல் நான் வண்டிக்குக் கீழே போவதில்லை.