கலர் தெருக்களில் ஒரு சி.பி.எல். ஃபில்டர்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

எந்த ஊருக்குப் போனாலும் கலர் கலராகச் சுவர் பூசிய தெருக்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பது என் பழக்கம். லென்ஸ் முனையில் திருகும் சர்க்குலர் போலரைசர், அதாவது சி.பி.எல்., பல வருடமாக அந்தப் பழக்கத்தோடேயே வருகிறது. வானம் நல்ல நீலமாகும் என்று சொல்லித்தான் இதை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். வானத்துக்காக நான் இதைத் திருப்பியது குறைவு. சுவருக்காகத்தான் அதிகம்.

பெயின்ட் அடித்த சுவரிலிருந்து இரண்டு விதமான வெளிச்சம் வருகிறது. ஒன்று பெயின்டுக்குள் போய் நிறத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருவது. மற்றது மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிப்பது. அதில் சுவரின் நிறம் கிடையாது, வானத்தின் வெளுப்புதான் இருக்கும். கண்ணுக்கு அடர் சிவப்பாகத் தெரிந்த கதவு படத்தில் பலமுறை துவைத்த துணி மாதிரி வந்தால், பெரும்பாலும் இந்தத் தெறிப்புதான் காரணம். சாய்வாகத் தெறிக்கும் வெளிச்சம் பெரும்பகுதி ஒரே திசையில் அதிர்வதால், ஃபில்டரின் முன் வளையத்தைத் திருப்பி அதை மட்டும் வடிகட்ட முடிகிறது. பிறகு எடிட்டிங்கில் சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, ஏற்றிக்கொள்ளலாமே என்பார்கள். ஏற்றலாம், தெருவில் நிற்பவர்கள் முகமெல்லாம் ஆரஞ்சாகும்.

சாய்வு என்பதுதான் இதில் முக்கியம். சுவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டு வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. சுவரை ஒட்டி, தெருவின் நீளவாக்கில் பார்க்க வேண்டும். சுவருக்கும் பார்வைக்கும் இடையே ஏறக்குறைய 35 டிகிரி இருக்கும்போது பலன் உச்சத்தில் இருக்கும். ஒரே நிறச் சுவர் முன்னால் ஆளை நிறுத்தி நேராக எடுப்பதுதான் உங்கள் பாணி என்றால் இந்த ஃபில்டர் தேவையே இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது வேறு. பச்சைச் சுவரை ஒட்டி நின்றால் கன்னத்திலும் பச்சை அடிக்கும். இரண்டு மூன்று அடி முன்னால் வரச் சொன்னாலே முகம் தெளிந்துவிடும்.

கேப் டவுனில் சிக்னல் ஹில் குன்றின் சரிவில் இருக்கும் போ-காப் என்ற கலர் வீட்டுப் பகுதி, இந்த ஃபில்டருக்கென்றே அமைந்த இடம். வேல் தெருவும் சியப்பினி தெருவும் மேட்டில் ஏறுவதால், வரிசை வீடுகளைச் சாய்வாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வாசலில் நிற்கும் கார்கள்தான் அங்கே படத்தைக் கெடுப்பவை. வளையத்தைத் திருப்பினால் பானெட்டின் மேல் கிடக்கும் வானம் மறைந்து காரின் சொந்த நிறம் வரும். குரோமியம் பூசிய பட்டைகள் அப்படியே மின்னும், ஏனென்றால் உலோகத்தில் பட்டுத் தெறிப்பதை போலரைசர் அவ்வளவாகத் தொடாது. இன்னொரு வேடிக்கை, கார்களின் பின்கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஒரு கோலம் முளைக்கும். கடினப்படுத்திய கண்ணாடிக்குள் இருக்கும் இறுக்கம் அப்படித் தெரிகிறது. முதலில் லென்ஸில்தான் அழுக்கோ என்று சந்தேகம் வரும். துடைத்துப் பயனில்லை, வளையத்தைக் கொஞ்சம் பின்னால் திருப்ப வேண்டியதுதான்.

வெனிஸ் பக்கத்து புரானோ தீவு நேர் எதிர். அங்கே அனுமதி வாங்காமல் வீட்டின் நிறத்தை மாற்றக் கூடாது என்பதால் பக்கத்துப் பக்கத்து வீடுகள் தனித்தனி நிறத்தில் பளிச்சென்று நிற்கின்றன. ஆனால் புரானோவில் பாதிப் படம் கால்வாய்த் தண்ணீரில்தான் இருக்கிறது. ஃபில்டரை முழுவதும் திருப்பினால் மஞ்சள் வீடும் நீல வீடும் தண்ணீரிலிருந்து கரைந்து, வெறும் பாசிப் பச்சை மிஞ்சும். அங்கே எனக்குப் பிடித்தது பாதித் திருப்பம். சுவரின் பளபளப்பு கொஞ்சம் குறைந்திருக்கும், தண்ணீரில் வீடும் இருக்கும். மழை விட்ட கல் தெருக்களுக்கும் இதே கணக்குதான்.

மொராக்கோவின் ஷெஃப்ஷாவனில் இதைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவேன். நீலச் சந்துகள் குறுகல், பாதி நேரம் நிழல், சுவர்ப் பூச்சிலும் பளபளப்பு குறைவு. ஃபில்டரோ ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சத்தைத் தின்றுவிடும். அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ., அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், ஏறியதுதான் மிச்சமாகும். அங்கே வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் திருத்தும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு நிறுத்தி வைப்பது ஃபில்டரைவிட உதவும். ஆட்டோவில் விட்டால் அவ்வளவு நீலத்தையும் கேமரா குறையாக நினைத்து அசட்டு மஞ்சள் பக்கம் திருத்தப் பார்க்கும்.

வானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில் இருக்கும் வானம்தான் நன்றாகக் கறுக்கும். கரீபியன் தீவான குராசாவின் வில்லெம்ஸ்டாட்டில், 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் பகுதியில், ஹாண்டெல்ஸ்காடே வீட்டு வரிசையை ஓட்ரோபாண்டா கரையிலிருந்து எடுக்க நல்ல நேரம் பிற்பகல்தான், அப்போதுதான் வீடுகளின் முகத்தில் வெயில் விழும். அந்த நேரத்தில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருப்பதால் வானத்தில் ஃபில்டர் செய்வது அற்பம். 24 மி.மீ.க்கும் அகலமான கோணத்தில் பார்க்கும் லென்ஸ் என்றால் வேறு தொல்லை, வானத்தின் நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு திட்டு விழும். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும் பாடு.

தினசரிக் கைப்பழக்கத்தில் எரிச்சல்கள் சில உண்டு. கேமராவைக் கிடைவாக்கிலிருந்து செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் ஃபில்டரும் கூடவே 90 டிகிரி திரும்பிவிடும், மறுபடி சரிசெய்ய வேண்டும். லென்ஸுக்கு வெயில் மறைக்கும் ஹூட் மாட்டியிருந்தால் வளையத்தைத் திருப்ப விரல் போகாது. நான் ஹூட்டைக் கைவிட்டுவிட்டேன். வளையத்தை எப்போதும் இறுகும் திசையில்தான் திருப்ப வேண்டும், எதிர்த் திசையில் திருப்பிக்கொண்டே இருந்தால் ஃபில்டர் கழன்று கையோடு வரும். ரொம்ப இறுகிவிட்டால் ரப்பர் பேண்ட் சுற்றித் திருகினால் அசையும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கேமராத் திரையைப் பார்க்காதீர்கள். சில கோணங்களில் திரை முழுக்கக் கறுப்பாகத் தெரியும், கேமரா போய்விட்டதோ என்று பதறுவோம்.

ஃபில்டரைத் திருப்பிக்கொண்டு நிற்பதால் ஒரு வாசல் முன்னால் அதிக நேரம் நிற்க நேர்கிறது. பாரிஸின் க்ரெமியூ தெருக்காரர்கள் படமெடுக்க வரும் கூட்டம் தாங்காமல், மாலையிலும் வார இறுதியிலும் தெருவுக்குக் கேட் போடச் சொல்லி 2019-இல் நகர நிர்வாகத்திடம் கேட்டார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். அதனால் இப்போதெல்லாம் தெருமுனையிலேயே வளையத்தைச் சரிசெய்துகொண்டுதான் உள்ளே போகிறேன்.

வாங்குவதாக இருந்தால் உங்களிடம் இருக்கும் பெரிய லென்ஸின் அளவுக்கு ஒன்று வாங்கி, மற்ற லென்ஸ்களுக்கு, சின்ன லென்ஸில் பெரிய ஃபில்டரைப் பொருத்தும் ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். மிக மலிவானவற்றில் சில, படம் முழுக்க மெல்லிய மஞ்சளைப் பூசிவிடும். கலர் தெருவை எடுக்கக் கலர் மாற்றும் ஃபில்டர் எதற்கு? வாங்கும்போதே ஒரு வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பாருங்கள். தாள் சாம்பலாகத் தெரிந்தால் எடுங்கள், பழுப்பு தட்டினால் வைத்துவிடுங்கள்.