கண்ணாடி ஸ்லைடிங் கதவு போடப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

வீட்டைப் புதுப்பிக்கும்போது பின்முற்றத்துக்குப் போகும் பழைய கதவை எடுத்துவிட்டுப் பெரிய கண்ணாடி ஸ்லைடிங் கதவு போட்டோம். மொத்தத் தொகையில் 90 சதவீதம் கொடுத்தாயிற்று. முதல் பெரிய மழையிலேயே கதவு ஓடும் ட்ராக் நிரம்பித் தண்ணீர் ஹாலுக்குள் வந்துவிட்டது. புதிதாகப் போட்ட மரத்தரை உப்பிப்போய்க் கிடக்கிறது. கதவு போட்டவர் போனை எடுப்பதில்லை. அவரை அனுப்பிய செயலிக்காரர்கள் எங்கள் புகாரை முடித்து வைத்துவிட்டதாக இன்று காலை செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்த கையோடு எழுதுகிறேன்.

பெயர் எதுவும் போடவில்லை. வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலி, அதன் வழியாக வந்த ஒரு கான்ட்ராக்டர், அவ்வளவு தெரிந்தால் போதும். நீங்கள் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கதவை நாங்கள் அழகுக்காகப் போடவில்லை. அப்பா கைத்தடி ஊன்றி நடப்பவர். பழைய கதவின் நிலைப்படி உயரம். முற்றத்துக்குப் போக ஒவ்வொரு முறையும் யாராவது அவருக்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது. தரையோடு தரையாக ட்ராக் இருக்க வேண்டும், அவர் தடுக்கி விழக்கூடாது. நாங்கள் கேட்டதே அதுதான்.

அந்த ஆள் முதல் நாள் வந்து நின்ற விதத்தை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. வந்ததும் ரசமட்டத்தை எடுத்துப் பழைய நிலையின் மேல் வைத்துப் பார்த்தார். பையிலிருந்து யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) சட்டத்தின் வெட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, உள்ளே இருக்கும் அறைகளைக் காட்டி, வலுவுக்கான இரும்பு எந்த அறையில் போகும் என்று பொறுமையாக விளக்கினார். அப்பாவை நாலடி நடக்கச் சொல்லி, தடி எங்கே ஊன்றுகிறது என்று குனிந்து பார்த்தார். "ஐயா, இனிமே நீங்க யாரையும் கூப்பிட வேண்டாம். நீங்களே திறந்து, நீங்களே போய்ட்டு வருவீங்க" என்றார். அப்பா அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு முதியவரின் ஆசையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையே காட்டிப் பணம் வாங்கியிருக்கிறார். எனக்குப் பணம் போனதைவிட இதுதான் ஆறவில்லை.

அன்றைக்கே 70 சதவீதம் கேட்டார். "அளவுக்குச் செய்யற பொருள்மா, வேற வீட்டுல மாட்ட முடியாது. கம்பெனிக்கு முன்னாடியே கட்டணும்" என்றார். செயலி வழியாகவே கட்டினோம், ரசீதும் வந்தது. விலைப்பட்டியலில் டஃபன்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடி என்றும், பொருத்தும் வேலைக்கு வாரன்டி உண்டு என்றும் தெளிவாக இருந்தது.

டேப்பை அவர் ஒவ்வொரு அளவுக்கும் ஒரே ஒரு இடத்தில்தான் பிடித்தார். அகலத்துக்கு நடுவில் ஒன்று, உயரத்துக்கு ஓரத்தில் ஒன்று. அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்திலும், உயரத்தை இடது, நடு, வலது என மூன்று இடத்திலும் எடுத்து, அதில் சிறிய அளவை வைத்துக்கொள்ள வேண்டும். மூலைக்கு மூலை குறுக்கு அளவும் பார்க்க வேண்டும், இரண்டும் ஒன்றாக வந்தால்தான் சுவரில் கதவுக்கான திறப்பு கோணாமல் மூலைமட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். இது தொழில் தெரிந்த யாருக்கும் பாலபாடம். ரசமட்டத்தை அத்தனை பக்தியாக எடுத்து வைத்த மனிதர் இதைச் செய்யவில்லை.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. புதுக் கதவு நாளை வருகிறது என்று சொல்லிப் பழைய கதவை நிலையோடு பெயர்த்து எடுத்துவிட்டார்கள். நாளை வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. வீட்டின் பின்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்க, தார்ப்பாய் கட்டிக்கொண்டு, ராத்திரி ஆளுக்கு ஒரு முறை எழுந்து பார்த்துக்கொண்டு இருந்தோம். கடைசியில் கதவு வந்தபோது அது திறப்பைவிடச் சின்னது. சட்டத்தைச் சுற்றி மொத்தமாக 10, 12 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். எங்கள் வீட்டில் ஒரு பக்கம் மட்டுமே 30 மில்லிமீட்டருக்கு மேல். பழைய கதவு உடைந்து வாசலில் கிடக்கிறது, வீடு திறந்திருக்கிறது. திருப்பி எடுத்துக்கொண்டு போ என்று சொல்லும் நிலையில் யார் இருப்பார்கள்? "ஃபோம் அடிச்சா சரியாயிடும்மா" என்றார்.

இடைவெளியில் அடிக்கும் அந்த உப்பும் நுரை, ஃபோம், ஒரு சட்டத்தைத் தாங்கவே தாங்காது. காற்றையும் சத்தத்தையும் அடைப்பதுதான் அதன் வேலை. சட்டத்தைப் பிடித்து நிறுத்துவது சுவருக்குள் இறங்கும் ஸ்குருவும், ஸ்குரு போகும் இடத்தில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வைக்கும் ஆப்பும். ஆப்பு வைக்காமல் முறுக்கினால் சட்டம் சுவர்ப்பக்கம் வளையும். அதிகம் உப்பும் ஃபோமை அடைத்தால் உள்பக்கம் வளையும். எங்கள் சட்டம் இரண்டு விதமாகவும் வளைந்திருக்கிறது. கதவு பாதி தூரம் வழுக்கிக்கொண்டு வந்து, அப்புறம் இறுகி நிற்கிறது. அப்பாவால் ஒரு கையால் தள்ள முடியவில்லை. இன்னொரு கையில்தான் தடி இருக்கிறதே!

நிலையாக நிற்கும் பக்கத்துக் கண்ணாடி பள்ளத்தில் உட்காரவில்லை என்று, எங்கள் கண் முன்னாலேயே கட்டரை வைத்துக் கீறி ஓரத்தை உடைத்து எடுத்தார்கள். டஃபன்ட் கண்ணாடியை வெட்டவே முடியாது. 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைத்துச் செய்வது அது. அதற்குப் பிறகு கீறி உடைக்கப் பார்த்தால் கண்ணாடி முழுவதும் பொடிப்பொடியாக நொறுங்கிவிடும். அதனால்தான் வெட்டுவது, துளைப்பது எல்லாம் சூடாக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அழகாக வெட்டுப்பட்டது என்றால் அது சாதாக் கண்ணாடி. சாதாக் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாக நீளத் துண்டுகள் விழும். தடி ஊன்றி நடக்கும் மனிதர் தினமும் கடக்கும் இடத்தில், தரையிலிருந்து தலைக்கு மேல்வரை அதை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்டதற்கு, "எல்லாமே டஃபன்ட்தான்மா, ஸ்டிக்கர் உரிஞ்சிருக்கும்" என்றார். டஃபன்ட் முத்திரை பொதுவாகக் கண்ணாடியின் மூலையிலேயே அழியாதபடி பதிந்திருக்கும். எங்கள் கண்ணாடி ஒன்றில்கூட அப்படி எதுவும் இல்லை. சட்டம் நின்றுவிட்டது என்று அன்றே 20 சதவீதம் வாங்கிக்கொண்டார்கள். 70 அத்தோடு 90 ஆயிற்று.

மழை பெய்து தண்ணீர் வந்த கதையை நீட்டவில்லை. ஜன்னல் வேலைக்கு வந்த வேறொரு ஃபிட்டரிடம் இந்தக் கதவைக் காட்டினேன். அவர் முதலில் வெளியே நின்று கதவைத் தூக்கினார். கதவு ட்ராக்கிலிருந்து அப்படியே கையோடு வந்துவிட்டது! மேல் ட்ராக்கில் வைக்க வேண்டிய தடுப்புக் கட்டைகள் இல்லை. அவை இல்லாவிட்டால் எத்தனை பூட்டு போட்டாலும் வெளியிலிருந்து யாரும் கதவைத் தூக்கி எடுத்துவிடலாமாம். பிறகு கீழ் ட்ராக்கில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றச் சொன்னார். வெளிப்பக்கம் ஒரு சொட்டும் வரவில்லை. தண்ணீர் ஏறி ஏறி எங்கள் கால் பக்கம் வழிந்தது.

ஸ்லைடிங் கதவின் ட்ராக்கில் மழைத்தண்ணீர் விழுவது குறை இல்லை. அதை வாங்கி வெளியே விடுவதற்கென்றே சட்டத்தின் வெளிமுகத்தில் சின்னச் சின்ன வடிதுளைகள் இருக்கின்றன. எங்கள் சட்டத்திலும் இருந்தன. அத்தனையையும் சிலிக்கான் பசை பூசி அடைத்திருக்கிறார்கள்! ஃபிட்டர் பிளேடால் நீளமாக உரித்துக் காட்டினார். அது மட்டும் இல்லை. தரையோடு தரையாக ட்ராக் வேண்டும் என்றால் தரையை வெட்டி இறக்கினால் போதாது. சட்டத்துக்கு அடியில் நீர் புகாத தகடோ பூச்சோ வேண்டும், வெளித்தளம் முற்றத்தைப் பார்த்துச் சரிய வேண்டும், கதவை ஒட்டி ஒரு வடிகால் ஓட வேண்டும். இவர்கள் தரையை உளியால் கொத்திச் சட்டத்தை உள்ளே வைத்துச் சிமென்ட் பூசிவிட்டார்கள். மொத்தத்தையும் கழற்றினால்தான் சரிசெய்ய முடியும் என்கிறார் ஃபிட்டர். கழற்றினால் கொடுத்த 90 சதவீதமும் போனதுதான். தரைக்கு ஆகும் செலவு தனி.

கான்ட்ராக்டர் முதலில், சிலிக்கான் இன்னும் காயவில்லை, ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மழையில் நிற்கப்போகும் கதவை! அடுத்து, சாய்ந்து அடிக்கும் மழையை எந்தக் கதவும் தாங்காது என்றார். பிறகு அது எங்கள் கொத்தனார் செய்த கோளாறு ஆயிற்று. கடைசியாக அவர் சொன்னது: "பாக்கி 10 சதவீதத்தைப் போட்டு விடுங்க, ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்றேன்." அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. சட்டம் செய்த கம்பெனியோ, வாரன்டி பொருளுக்கு மட்டும்தான், பொருத்தியதற்கு இல்லை என்கிறது. பொருத்தியவர், தண்ணீர் வருவது பொருளின் குறை என்கிறார்.

செயலியில் மனிதக் குரல் கேட்பதற்கே படாதபாடு. கேட்ட ஒரு குரலும், "நாங்கள் உங்களையும் அவரையும் சேர்த்து வைப்பதோடு சரி" என்றது. அப்படியானால் செயலியில் அவருக்குக் கொடுத்த 'சரிபார்க்கப்பட்டவர்' முத்திரை எதற்கு? பணம் உங்கள் வழியாகத்தானே போனது? படங்கள் கேட்டார்கள், அனுப்பினேன். வீடியோ கேட்டார்கள், சொம்புத் தண்ணீர் உள்ளே வழிவதை எடுத்து அனுப்பினேன். பதிலாக வந்ததுதான் இன்று காலைச் செய்தி: நீர்க்கசிவு வேலைத்தரத்தில் சேராது, புகார் முடிக்கப்பட்டது. 90 சதவீதம் வாங்கிக்கொண்டு, மழைக்குத் தாங்காத கதவு வேலைத்தரத்தில் சேராதாம். மேலே புகார் கொடுக்கக் காகிதங்களை எடுத்து வைத்திருக்கிறேன்.

சரி, சொல்கிறேன் என்ற விஷயங்கள். நிதானமாக எழுதும் மனநிலை இல்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதிப் பணம் கதவு நின்று, தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு போகட்டும். 70 சதவீதம் முன்கூட்டியே கேட்பவரை அனுப்பிவிடுங்கள். ஆறு இடத்தில் அளவு எடுக்கிறாரா என்று பாருங்கள். கண்ணாடி மூலையில் முத்திரை இருக்கிறதா என்று, மாட்டும் முன்பே தேடுங்கள். பொருத்திய வேலைக்கு வாரன்டி யார் தருகிறார், நீர்க்கசிவு அதில் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சிலிக்கான் துப்பாக்கியை எடுத்தால் பக்கத்திலேயே நின்று வடிதுளைகளைக் காப்பாற்றுங்கள். முக்கியமாக, புதுக் கதவு வீட்டுக்கு வந்து இறங்கி, அதை நீங்களே டேப் பிடித்து அளந்து பார்க்கும் வரை, பழைய கதவில் ஒரு ஸ்குருவைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.