வேலூரிலிருந்து கடலுக்கு: மகாபலிபுரமா, பாண்டிச்சேரியா?

நம்மூர் வழியாகப் போகும் பாலாறு, கல்பாக்கம் பக்கத்தில் வயலூரில் கடலைத் தொடுகிறது. தண்ணீர் ஓடும் வருஷங்களில் அதற்கே அந்தப் பாக்கியம். நாம் பஸ்ஸோ காரோ பிடிக்க வேண்டும்.

ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கு மகாபலிபுரம்தான். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழி. அங்கே பார்க்க வேண்டியதெல்லாம் பகல் வெளிச்சத்துக்கானது. கடற்கரைக் கோயிலை மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள். அதிகாலையில் கிளம்பி முதலில் ஐந்து ரதங்களுக்குப் போய்விடுங்கள். வேலூர்க்காரர்களுக்கு வெயில் புதுசில்லை, ஆனாலும் மத்தியானம் அந்தப் பாறையும் மணலும் காலைச் சுட்டுவிடும். ரதங்கள் பாறையை அப்படியே வெட்டிச் செதுக்கியவை. பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலோ கல்லை அடுக்கிக் கட்டியது. அரக்கோணம் பக்கம் மகேந்திரவாடிக் குடைவரைக் கோயிலைப் பார்த்தவர்களுக்கு, பல்லவர்களின் கைவேலை அங்கிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பட்டென்று புரியும். அர்ச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பத்தின் முன்னால் அவசரப்படாதீர்கள். தபசு செய்யும் பூனையைக் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும். வழியில் காஞ்சி கைலாசநாதரையும் பார்த்துவிடலாம் என்று ஆசை வரும், அதுவும் ராஜசிம்மன் கட்டியதுதான். ஆனால் காலை நேரம் அங்கேயே போய்விடும். அதற்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டிச்சேரி இதற்கு நேர்மாறு. பகலில் கடற்கரைச் சாலையில் நின்றால் வெயிலும் கருங்கல்லும்தான். சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அப்புறம்தான் ஊர் நடக்க வருகிறது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. ஆரணி வழியாகப் போகிறவர்கள் அந்தச் செஞ்சியைத் தாண்டித்தான் வருவார்கள். 1836-இல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கமும் அங்கேயே இருக்கிறது. மறுநாள் விடிகாலையில் பிரெஞ்சுத் தெருக்களில் ஒரு நடை போக வேண்டும். அதனால் ராத் தங்க முடியாதவர்கள் பாண்டிக்குப் போவது வீண் செலவு என்பேன். வார இறுதியில் அறை வாடகை ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள்.

குளிக்க நினைத்தால் இரண்டுமே சரிப்படாது. மகாபலிபுரத்தில் அலை இழுக்கும். பாண்டி கடற்கரைச் சாலையோரம் பாறைக் குவியல்.

தரங்கம்பாடி? 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்திறங்கிய கரை, கடல் பாதி தின்ற மாசிலாமணிநாதர் கோயில் என்று ஊர் அழகுதான். ஆனால் அதற்கென்றே வேலூரிலிருந்து போவது ரொம்ப தூரம். பக்கத்தில் திருக்கடையூர் இருக்கிறது. வீட்டில் யாருக்காவது அங்கே அறுபதாம் கல்யாணம் வந்தால், சாப்பாடு முடிந்து பெரியவர்கள் கண்ணயரும் நேரத்தில் போய்வந்துவிடலாம்.